பேப்பர் தீர்ந்தால் உறங்கிப்போகும் எடைமேடை

ஓணத்துக்கு முந்தின வாரம் எங்கள் பக்கத்தில் ரோடு உறங்காது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏற்றிய கத்தரிக்காய், முருங்கைக்காய், சுரண்டைப் பக்கத்து வெண்டை, வாழை இலைக் கட்டு, பூ மூட்டை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் புளியரை தாண்டி, எஸ் வளைவில் முக்கி முனகி ஏறி, கோட்டைவாசல் கடந்து ஆரியங்காவில் இறங்கியாக வேண்டும். பிரானூர் பார்டரில் எடைமேடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு அந்த வாரம்தான் தீபாவளி. அந்த எடைமேடைக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே எனக்கு அந்த வாரம் ஏழரை.

பார்டர் என்ற பெயரைக் கேட்டு, கேரளா இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் எல்லை இங்கேதான் இருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில். பிறகு எல்லை மலையேறிப் போய்விட்டது. பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளோடும் மர அறுவை மில்களோடும் கீழேயே தங்கிவிட்டது.

ராத்திரி ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு போன்.

“தம்பி, மெசின் ஒறங்கிட்டுப்பா. ஆறு வண்டி நிக்கு.”

பின்னாலிருந்து ஒரு டிரைவர் குரல்: “சேட்டா, ஸ்லிப்பு கிட்டியில்லல்லோ.” அதற்கும் பின்னால் ஹாரன்.

“லைட்டு எரியுதா அண்ணாச்சி?”

“எரியுது. எடை காட்டுற பொட்டியில நம்பரு ஓடுது. சீட்டுதான் வரமாட்டேங்கு. பேப்பரு தீந்துட்டு, புது ரோலு போட்டேன். அதுல இருந்து இப்படி.”

“பேப்பருக்கும் புரோகிராமுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது அண்ணாச்சி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். ஓடியது. நானும் படுத்துவிட்டேன். “சம்பந்தமும் கிடையாது” என்று அவரிடம் அடித்துச் சொன்னதற்கு அப்புறம் நாலு நாள் பட்டேன்.

மெசின் என்று அவர் சொல்வது சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். உள்ளே லினக்ஸ். எடை காட்டும் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடை வரும். லாரி மேடையில் ஏறி, எண் ஆடாமல் நின்றதும், என் மெயின் புரோகிராம் ஒரு குழந்தையைப் பெறும். ஃபோர்க் என்ற கால் (புரோகிராம் லினக்ஸைக் கூப்பிட்டு வேலை வாங்கும் அழைப்பு) அதற்குத்தான். சீட்டு அடிப்பது அந்தக் குழந்தையின் வேலை. அடித்து முடித்ததும் அது செத்துப்போகும். செத்த சேதியை லினக்ஸின் உட்கருவான கர்னல் தாய் புரோகிராமுக்கு சிக்சைல்டு என்ற சிக்னலாக அனுப்பும். தாய் வந்து காரியம் முடித்து அடுத்த லாரியைக் கூப்பிடும். இந்தத் தொழிலில் சொற்களெல்லாம் இப்படி இழவு வீட்டு வாடையோடுதான் இருக்கும். செத்த குழந்தையைத் தாய் கவனிக்காவிட்டால் அதற்குப் பெயர் சோம்பி. அனாதையானால் ஒன்றாம் நம்பர் புராசஸ் (ஓடுகிற புரோகிராமுக்கு அப்படிப் பெயர்) தத்து எடுத்துக்கொள்ளும். சிக்னல் அனுப்பும் கமாண்டுக்குப் பெயர் கில். முதல் வருஷம் இதையெல்லாம் வீட்டில் போனில் சத்தமாகப் பேசி, பக்கத்து வீட்டு அத்தை என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சிக்னல் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: மிஸ்டு கால். பேச்சு கிடையாது. யாரிடமிருந்து, எந்த ரகம், அவ்வளவுதான். லோடு ஏறியதும் டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், முதலாளி புரிந்துகொள்வார். இது லினக்ஸில் நம்பர்களாக இருக்கிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் போவது 2. மரியாதையாக முடித்துக்கொள் என்பது 15. மரியாதை கெட்டது 9, அதைத் தடுக்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. வழக்கமான பிசியில் சிக்சைல்டு 17.

இனி என் பழைய புரோகிராம் கோடு. ஃபிளாக் என்பது சேதி வந்ததற்கு அடையாளமாக ஏற்றும் கொடி, லாக் என்பது புரோகிராம் எழுதி வைக்கும் நாட்குறிப்பு. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்:

ஃபிளாக் ஏறவில்லை என்றால்
  “காத்திருக்கிறேன்” என்று லாகில் எழுது
  பாஸ்

பாஸ் என்பது டேப் ரெக்கார்டரில் இருந்ததே, அந்த பாஸ் பட்டன். ஏதாவது ஒரு சிக்னல் வந்து, அதற்கென்று எழுதி வைத்த ஹேண்ட்லர் என்ற துண்டு ஓடி முடியும் வரைக்கும் புராசஸ் தூங்கும். சிக்னல் வந்தால் எழும். வராவிட்டால் கல்பகோடி காலமும் தூங்கும். ஹேண்ட்லருக்கு நான் கொடுத்திருந்த வேலை ஃபிளாக்கை ஏற்றுவது மட்டும். பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. இதை வைத்து எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் ராத்திரியும் உறங்கிவிட்டது. இந்த முறை ஆஃப் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாரலில் நனைந்துகொண்டே பைக்கில் போனேன். வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் நின்றது. புரோகிராம் கர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு வரி: பாஸ், ஒரு திறந்த அடைப்புக்குறி, அப்புறம் வெறுமை. புராசஸ்களைப் பட்டியல் போடும் பிஎஸ் கமாண்டில் குழந்தைக்கு எதிரே டிஃபங்க்ட், அதாவது சோம்பி, என்று எழுதியிருந்தது. குழந்தை செத்துப்போயிருக்கிறது, தாய்க்குத் தந்தியும் போயிருக்கிறது, ஆனாலும் தாய் தந்திக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் தன் கணக்கு நோட்டைக் காட்டினார். மெசின் உறங்கிய ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஓரத்தில் பென்சிலால் “பேப்பர்” என்று எழுதி வைத்திருந்தார். எட்டு மாதத்தில் ஐந்து தடவை. ஐந்திலும் பேப்பர். ஆனால் அந்த எட்டு மாதத்தில் பேப்பர் தீர்ந்தது நாற்பது தடவையாவது இருக்கும். மற்ற முப்பத்தைந்து தடவை ஏன் உறங்கவில்லை? அதனால்தான் நான் நம்பவில்லை.

காரணம் நேரக் கணக்கில் இருந்தது. பேப்பர் இருந்தால் சீட்டு அடித்து முடிய ரெண்டு நொடி ஆகும். அதற்குள் தாய் புரோகிராம் நிதானமாக லாக் எழுதி, பாஸில் படுத்துக் குறட்டையே விட்டிருக்கும். பேப்பர் இல்லையென்றால் குழந்தை பிரிண்டரிடம் கேட்டு, “பேப்பர் இல்லை” என்று பதில் வாங்கி, உடனே செத்துவிடும். இருபது, முப்பது மில்லிசெகண்ட். என் லாக் எழுதுவதோ மெமரி கார்டில். கரண்ட் போனாலும் லாக் போகக்கூடாது என்று ஒவ்வொரு வரிக்கும், கார்டில் எழுதி முடியும் வரை காத்திருக்கும் எஃப்சிங்க் வேறு வைத்திருந்தேன். கார்டு நல்ல மனநிலையில் இருந்தால் ஐந்து மில்லிசெகண்டில் எழுதிவிடும். சில நேரம் ஐம்பதும் அறுபதும் ஆகும். அப்படி அது மசமசவென்று எழுதிக்கொண்டிருக்கும்போது குழந்தை செத்தால் சிக்னல் வருகிறது, ஹேண்ட்லர் ஓடுகிறது, ஃபிளாக்கும் ஏறுகிறது. ஆனால் ஃபிளாக்கைப் பார்க்கும் வரியை நான் ஏற்கெனவே தாண்டிவிட்டேன். அடுத்த வரி பாஸ். வர வேண்டிய ஒரே சிக்னல் வந்து போய்விட்டது, இனி வராது. படுத்தாயிற்று.

இதில் என்னை ரொம்பக் குத்தியது அந்த லாக் வரி. முதல் தடவை உறங்கியபோது “எங்கே நிற்கிறது என்று தெரியட்டும்” என்று நான் சேர்த்த வரி அது. ஓட்டையைத் தேட எடுத்துப்போன விளக்காலேயே ஓட்டையைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். லாக் வரியைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. பார்ப்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் சில மைக்ரோ நொடி எப்போதும் இருக்கும். எட்டு மாதத்துக்கு ஐந்து என்பது பத்து வருஷத்துக்கு ஒன்று ஆகும். அந்த ஒன்று எந்த ஓணத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள ஒரு வேலை செய்தேன். ஃபிளாக்கைப் பார்க்கும் வரிக்கும் பாஸுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு நொடியைக் கணக்குப் பார்ப்பதிலேயே கழிக்க விட்டு, பேப்பரை உருவிவிட்டு, மேடையில் நானே ஏறி நின்றேன். எழுபது கிலோ. உறங்கியது. மறுபடி ஏறினேன். உறங்கியது. பத்துக்குப் பத்து. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை அண்ணாச்சியால் புரிந்துகொள்ள முடியவில்லை. “கெட்டுப்போச்சுன்னா சிரிக்கியே தம்பி” என்றார். எப்போதாவது கெட்டுப்போவதைவிட எப்போதும் கெட்டுப்போவது எவ்வளவு மேல் என்று அந்த வேளையில் அவருக்கு விளக்க முடியவில்லை, வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

அன்று ராத்திரிக்கு ஒட்டுப்போட்டேன். பாஸை எடுத்துவிட்டு ஒரு நொடி ஸ்லீப், சுற்றிச் சுற்றி ஃபிளாக்கைப் பார். சிக்னல் வந்தால் ஸ்லீப்பும் பாதியிலேயே எழுந்துவிடும். ஆகையால் வழக்கமான சீட்டுகளுக்குத் தாமதமே இல்லை, சிக்னல் தவறினால் மட்டும் ஒரு நொடி நஷ்டம். உண்மையைச் சொன்னால் எடைமேடைக்கு இது போதும். ஒரு நொடியில் எந்தக் கத்தரிக்காயும் அழுகாது. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவு இல்லை. ஆனால் ஒட்டு ஒட்டுதான். அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

காலையில் வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் கடுங்காப்பியோடு உட்கார்ந்திருந்தார். அப்பா ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். செங்கோட்டைக்கும் பகவதிபுரத்துக்கும் இடையில் மீட்டர்கேஜ் ஓடிய காலம். 1904-ல் போட்ட பாதை, 2010-ல் அகலப்பாதைக்காக மூடினார்கள், 2018-ல்தான் புனலூர் வரைக்கும் மறுபடி முழுசாக வண்டி ஓடியது. மூடியதற்கு அப்புறமும் அப்பா கொஞ்ச நாள் வண்டி நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அவரிடம் என் கதையைச் சொன்னேன், கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டு.

“ரிஜிஸ்டரப் பாத்தானாம், வண்டி இல்லையாம், போயிப் படுத்தானாம். பாக்கதுக்கும் படுக்கதுக்கும் நடுவுல மணி அடிச்சா என்ன செய்வான்?” என்றார்.

“அதான் கேக்கேன். நீங்க என்ன செஞ்சீங்க?”

“பாத்துட்டுப் படுக்கதுன்னு ஒரு படுக்கையே கிடையாதுல. போனுக்குப் பக்கத்துல தல வச்சாத்தான் படுக்கை. படுத்துட்டேன்னா மணிக்குக் காதக் குடுத்துட்டேன்னு அர்த்தம்.”

சிக்சஸ்பெண்ட் என்ற கால் செய்வது அச்சு அசலாக இதைத்தான். முறை இப்படிப் போகும். முதலில் சிக்ப்ராக்மாஸ்க் போட்டு சிக்சைல்டை பிளாக் செய்துவிட வேண்டும். பிளாக் என்றால் தொலைப்பது இல்லை. சிக்னல் வந்தால் கர்னல் வாங்கி பெண்டிங்கில் வைத்திருக்கும், ஹேண்ட்லரை மட்டும் ஓட்டாது. இப்போது ஃபிளாக்கை நிதானமாகப் பார்க்கலாம், லாக் எழுதலாம், மெமரி கார்டு அறுபது மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளட்டும், ஒன்றும் கெடாது. பிறகு சிக்சஸ்பெண்டைக் கூப்பிட வேண்டும். அது பிளாக்கை எடுப்பதையும் தூங்கப்போவதையும் ஒரே காரியமாக, நடுவில் ஈ நுழைய இடமில்லாமல், கர்னலுக்குள் செய்கிறது. பெண்டிங்கில் ஏதாவது இருந்தால் தூங்கவே தூங்காது, ஹேண்ட்லரை ஓட்டிவிட்டுத் திரும்பிவிடும். திரும்பும்போது பழைய மாஸ்க்கையும் (எந்தெந்த சிக்னல் பிளாக் என்ற பட்டியல்) பழையபடி போட்டுவிடும். ஆகையால் சுற்றில் அடுத்த தடவை ஃபிளாக்கைப் பார்க்கும்போதும் நாம் பத்திரமாகத்தான் இருக்கிறோம்.

நாமே பிளாக்கை எடுத்துவிட்டு அடுத்த வரியில் பாஸ் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆகாது. அந்த இரண்டு வரிக்கு நடுவில் அதே ஓட்டை. இரண்டும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும், அதைக் கர்னல் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

சிக்சஸ்பெண்ட் எப்போதும் மைனஸ் ஒன்றைத்தான் திருப்பித் தரும், பிழை என்று. “இடையில் எழுப்பப்பட்டது” என்பது அதன் காரணம். பழக்கமில்லாதவர்கள் அதைப் பார்த்துப் பதறி, பிழை வந்தால் வெளியேறு என்று எழுதிவிடுவார்கள். இந்த ஒரு காலுக்கு மட்டும் தோல்விதான் வெற்றி.

லினக்ஸுக்கு முன்னோடியான பழைய யூனிக்ஸில் இந்த வசதியே கிடையாது என்று படித்தபோது என் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் சிக்னல் ஒரு தடவை வந்ததும் ஹேண்ட்லர் கழன்றுவிடும், மறுபடி மாட்ட வேண்டும். மாட்டுவதற்குள் இரண்டாவது வந்தால் புராசஸே காலி. பெர்க்லிக்காரர்கள் 1983-ல் 4.2 பிஎஸ்டி என்ற தங்கள் யூனிக்ஸில்தான் தடுத்து வைக்கும் முறையையும், ஒரே மூச்சில் திறந்து தூங்கும் காலையும் கொண்டுவந்தார்கள். 1988-ல் பாசிக்ஸ் என்ற பொது விதித்தொகுப்பு அதற்கு சிக்சஸ்பெண்ட் என்று பெயர் வைத்துப் பொதுவாக்கியது. இது தீர்ந்து இத்தனை வருஷம் கழித்து நான் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் இந்த மாற்றத்தைப் போட்டேன். பேப்பர் தீர்ந்தது, உறங்கவில்லை. அண்ணாச்சி நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கையில் திணித்தார். அவரிடமிருந்து எனக்கு வர வேண்டிய பாக்கியில் பாதி இப்படி எண்ணெய்ப் பலகாரமாகவே வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது.

ஓணம் முடிந்ததும் அண்ணாச்சி கேமரா கேட்டார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. லாரியின் நம்பர் பிளேட்டும் லோடும் படம் எடுக்க வேண்டும். இரண்டு கேமராவுக்கும் இரண்டு குழந்தைகள், சீட்டுக்கு ஒன்று. ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் தற்செயலாக பிஎஸ் போட்டுப் பார்த்தால் திரை முழுக்க டிஃபங்க்ட். முந்நூற்றுச் சொச்சம் சோம்பிகள்.

இது வேறு பாடம். இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் படம் எடுத்து ஒரே நேரத்தில் செத்தன. சிக்சைல்டு ஒன்றுதான் வந்தது. கர்னல் சாதாரண சிக்னல்களை எண்ணி வைப்பதில்லை. ஒரு ரகத்துக்கு ஒரு பிட், வந்திருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். பெண்டிங்கில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அடுத்தது அதிலேயே கரைந்துவிடும். நாலு மிஸ்டு கால் வந்தாலும் ஒரே ஒரு புள்ளி காட்டும் போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு சிக்னலுக்கு ஒரு வெயிட் (செத்த குழந்தையை அடக்கம் செய்யும் கால்) என்று எழுதியிருந்தேன். இரண்டு செத்தால் ஒன்றைத்தான் அடக்கம் செய்தேன்.

அப்பாவிடம் இதையும் சொன்னேன். அவருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. “ஒரு மணிக்கு ஒரு வண்டின்னு எவன் சொன்னான்? போன எடுத்தா, வேற வண்டி உண்டுமா சார்னு கேட்டுட்டுத்தான் வைக்கணும்.”

கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். கோடில் சொன்னால், சிக்சைல்டு வந்தால் வெயிட்பிட் காலை “காத்திருக்காதே” என்ற ஆப்ஷனோடு சுற்றில் விட வேண்டும். செத்தவன் எவனாக இருந்தாலும் வா, அடுத்தவன், அடுத்தவன், இனி யாரும் இல்லை என்று பூஜ்யமோ, குழந்தையே இல்லை என்று மைனஸ் ஒன்றோ வரும் வரைக்கும். எண்ணி வைக்கிற சிக்னல்களும் உண்டு, ரியல்டைம் சிக்னல்கள் என்று, வரிசையில் நிற்கும். ஆனால் கர்னல் குழந்தையின் சாவுக்கு அதை அனுப்புவதில்லை.

அதோடு விட்டதா என்றால் இல்லை. நிறுத்தும்போதும் ஒழுங்காக நிறுத்த வேண்டும் என்று சிக்டெர்மையும் (முன்னே சொன்ன 15) அதே முறையில் பிளாக் செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் கரண்ட் போய், யுபிஎஸ் கூவிக்கொண்டிருக்க, அண்ணாச்சி ஷட்டவுன் பட்டனை அழுத்தினார். அணையவில்லை. ஒன்றரை நிமிஷம் அப்படியே நின்றது. அதற்குள் யுபிஎஸ் உயிரை விட்டது. காரணம் கேமரா குழந்தைகள். ஃபோர்க்கில் பிறக்கும்போது தாயின் மாஸ்க் குழந்தைக்கும் வந்துவிடும். எக்ஸெக் போட்டு வேறு புரோகிராமாக மாறினாலும் அது போகாது. ஹேண்ட்லர்கள் கழன்றுவிடும், மாஸ்க் கழலாது. கேமரா புரோகிராம், பாவம், தன் காதில் யாரோ பஞ்சு வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸில் எல்லாவற்றையும் கிளப்பி நிறுத்தும் சிஸ்டம்டி எல்லோருக்கும் 15 அனுப்பும், வழக்கமான அமைப்பில் 90 நொடி பொறுக்கும், அப்புறம் 9. அந்த 90 நொடியைத்தான் அண்ணாச்சி நின்று பார்த்தார். ஃபோர்க்குக்கு அப்புறம், எக்ஸெக்குக்கு முன்னால், குழந்தையின் மாஸ்க்கைத் துடைத்துவிட வேண்டும். ஒரே வரி. நாலு பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், நாலு பேரும் “அட, ஆமாம்ல” என்றுதான் சொன்னார்கள்.

அனுப்புகிற பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. கில் கால் பூஜ்யம் திருப்பித் தந்தால் எதிராளி கேட்டுவிட்டான் என்று பலர் நினைக்கிறார்கள். கர்னல் குறித்துக்கொண்டது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ரயில்வே இதை நம்பியதே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வண்டி வருகிறது என்பார். அப்பா கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டு, தன்னிடம் இருக்கும் தாளில் அடுத்த பிரைவேட் நம்பரைச் சொல்வார். மாஸ்டர் அதை எழுதிக்கொள்வார். அந்த நம்பர் கைக்கு வராமல் அவர் சிக்னலை இறக்க மாட்டார். வெறும் “சரி சார்” செல்லாது. சிக்னலில் பிரைவேட் நம்பர் கிடையாது. பதில் வேண்டுமென்றால், புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வழிகளான பைப்போ சாக்கெட்டோ வைத்து நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இப்போது ஓடும் வெர்ஷனில் ஹேண்ட்லரே இல்லை. எடை சீரியல் கேபிளில் எப்போது வேண்டுமானாலும் வரும், குழந்தை எப்போது வேண்டுமானாலும் சாகும். இரண்டுக்கும் ஒரே இடத்தில் காத்திருக்க வேண்டும். சிக்சஸ்பெண்டுக்கு சிக்னல் மட்டும்தான் தெரியும், கேபிள் தெரியாது. இதற்குப் பழைய ஆட்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். தனக்குத்தானே ஒரு பைப் போட்டு, ஹேண்ட்லருக்குள் அதில் ஒரு பைட் எழுதிவிட்டு, மறுமுனையை மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து, பல வழிகளை ஒரே இடத்தில் கவனிக்கும் போல் என்ற காலில் கவனிப்பது. டி. ஜே. பெர்ன்ஸ்டைன் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். ஒரே மூச்சில் மாஸ்க்கையும் மாற்றிக் காத்திருக்க பிசெலக்ட் என்று ஒன்றும் உண்டு. லினக்ஸ் கர்னலுக்குள் அது 2.6.16-ல், 2006-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் லைப்ரரி வெளியிலிருந்து அதைப் போலி செய்துகொண்டிருந்தது, எந்த ஓட்டையை அடைக்க பிசெலக்ட் கண்டுபிடிக்கப்பட்டதோ அதே ஓட்டையோடு!

நான் எடுத்துக்கொண்டது சிக்னல்எஃப்டி. 2007-ல் 2.6.22 கர்னலில் வந்தது. சிக்னலை ஒரு ஃபைல் மாதிரி ஆக்கிக் கையில் கொடுத்துவிடும். ரீட் பண்ணினால் 128 பைட்டில் யார், எது என்று வரும். முன்கூட்டியே அந்த சிக்னலை பிளாக் செய்திருக்க வேண்டும், அதை மறந்தால் பழைய வழியிலேயே போய்விடும். இரண்டு சாவுக்கு ஒரு சேதி என்ற சங்கதி இதிலும் மாறவில்லை, ஆகையால் “வேற வண்டி உண்டுமா” சுற்று அப்படியே இருக்கிறது. 5.3 கர்னலிலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கைப்பிடி தரும் பிஐடிஎஃப்டி வந்திருக்கிறது. அண்ணாச்சியின் டப்பாவில் இருக்கும் கர்னல் அதைவிடப் பழசு. ஓடுகிற வண்டியை நிறுத்தி நான் அதை மாற்றப்போவதில்லை.

ஹேண்ட்லர் போனதில் எனக்கு நிம்மதி. அதற்குள் எழுத்தை வெளியே எழுதும் பிரிண்ட்எஃப் கூடப் போடக்கூடாது. மெயின் புரோகிராம் பிரிண்ட்எஃபின் நடுவில் இருக்கும்போது சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் அதே பிரிண்ட்எஃபுக்குள் நுழைந்தால், உள்ளே பாதியில் கிடப்பதெல்லாம் குழம்பிவிடும். அதைப் போட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் ஒரு ஓணம் வரும்.

புது வெர்ஷனை நிறுவிய அன்று இருநூறு தடவை பேப்பரை உருவி உருவிச் சோதித்தேன். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் பிரிண்டர் ஒரு சாண் வெற்றுப் பேப்பரைத் தள்ளும். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “தம்பி, ரோலு காசு குடுத்துத்தான் வாங்குறேன்” என்றார். தரையெல்லாம் வெள்ளைச் சுருள்.

“இனிமே பேப்பர் தீந்தா ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி.”

“ஒண்ணும் ஆகாட்டி நல்லதுதான். இருந்தாலும் தீந்தா ஒனக்கு ஒரு மிஸ்டு காலு குடுத்துருதேன். நீ எடுக்க வேண்டாம். தெரிஞ்சிக்கிட்டா போதும்.”

அன்றிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார், பகல் ராத்திரி பார்க்காமல். நேற்று மூணேகாலுக்கு ஒன்று. நாலுக்கு முன்னால் இன்னொன்று. முக்கால் மணி நேரத்தில் எப்படி ரெண்டு ரோல் தீரும் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்ததும் போன் பண்ணிக் கேட்டால், இரண்டாவது பேப்பருக்கு இல்லையாம். கை பட்டுவிட்டதாம்.